கரண்டை (கணுக்கால்) மடங்கினால் முதலில் எண்ணெயா, எக்ஸ்ரேயா?

தோவாளைமலர்:

அம்மைக்கு 61 வயசு. 12 வருஷமா சர்க்கரை உண்டு, பிரஷருக்கும் மாத்திரை எடுக்கா. நேற்று சாயங்காலம் மழையில் பாசி பிடிச்ச படியில் வலது கால் உள்பக்கமா மடங்கிட்டு. கரண்டைக்கு வெளிப்பக்கம் நல்ல வீக்கம், தொட்டால் சூடு. ஆனால் "வேதனை அவ்வளவு இல்ல" என்று சொல்லி அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நொண்டி நடக்கிறா. வீட்டில் இரண்டு கட்சி. வர்ம வைத்தியம் செய்கிற ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தடவிக் கட்டினால் மூணு நாளில் எழும்பிவிடும் என்பது ஒரு கட்சி. முதலில் படம் எடுக்கணும் என்கிறான் தம்பி. எது முதலில்? ஒத்தடம் சூடா, ஐஸா? முட்டு (முழங்கால்) வேதனைக்கு இடைக்கிடை இலைக்கிழி (வறுத்த இலையைத் துணியில் கட்டின சூட்டு ஒத்தடம்) வைப்போம், அதையே கரண்டைக்கும் வைக்கலாமா?

எலும்புவார்டு:

கிழி இப்போது வேண்டாம். தடவலும் வேண்டாம். மற்றதைப் பார்ப்போம்.

கரண்டை மடங்கின எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது. எடுக்கணுமா என்று பார்க்க ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு, கனடாவில் 1992-இல் வந்தது, இன்றைக்கும் பல நாட்டில் அவசரப் பிரிவில் இதைத்தான் பார்க்கிறார்கள். ஆள்காட்டி விரலால் நான்கு இடத்தை அழுத்திப் பார்க்கணும். கரண்டையின் இருபக்கமும் துருத்தி நிற்கிற எலும்பின் நுனி, அங்கிருந்து அதன் பின்விளிம்பில் மேலே 6 செ.மீ. வரை, இது வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. மூன்றாவது, சுண்டுவிரலில் இருந்து பாதத்தின் வெளி ஓரமாகவே பின்னுக்கு வந்தால் பாதி வழியில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அது. நான்காவது, உள்பக்கக் கரண்டைக்கு முன்னால் சற்றுக் கீழே, பாத வளைவின் உச்சியில் இருக்கிற எலும்பு. இதில் எங்கேயாவது எலும்பின் மேலேயே அழுத்தும்போது வேதனை என்றால் படம் எடுக்கணும். அடிபட்ட உடனேயும் முடியல, இப்போதும் நான்கு காலடி வைக்க முடியல என்றாலும் எடுக்கணும். நொண்டி வைத்தாலும் அது காலடிக் கணக்குதான். கரண்டைக்கு முன்னால் கீழே இருக்கிற மெத்தென்ற குழியில் மட்டும் வேதனை என்றால் பெரும்பாலும் நார் இழுத்தது, அதாவது சுளுக்கு.

இனி உங்கள் அம்மை விஷயம். இந்த விதி முழுக்க வேதனையை நம்பி நிற்பது. சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அந்த வேதனையே குறைவாகத்தான் தெரியும். அதனால் அவர்களுக்கு இந்த விதி செல்லாது. நல்ல வீக்கம், சூடு, ஆனால் வேதனை இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் எனக்குக் கவலை. வெறும் சுளுக்காகவும் இருக்கலாம். வேதனை தெரியாத முறிவாகவும் இருக்கலாம். சார்க்கோ பாதம் என்று ஒன்று இருக்கிறது: சின்ன அடிக்குப் பிறகு பாதம் சிவந்து, சூடாகி, வீங்கும், உள்ளே சின்னச் சின்ன எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும், ஆள் நடந்துகொண்டே இருப்பார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகும். அதில் தடவி நடக்கவிட்டால் சில வாரத்தில் பாத வளைவு இடிந்து அடிப்பாதம் தட்டையாகிவிடும், பிறகு புண், அது ஆறாது.

இன்றைக்கே படம். தக்கலை, குழித்துறை, குளச்சல், ஆசாரிப்பள்ளம், எது பக்கமோ அங்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உண்டு என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள், ஓபி கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். போகும்வரை கால் தரையில் ஊன்ற வேண்டாம்.

கொல்லங்கோடன்:

இதெல்லாம் சரி. ஆனால் நடப்பு என்ன? படம் எடுப்பார்கள், முறிவில்லை என்பார்கள், ஒரு கிரேப் கட்டும் பத்து மாத்திரையும் தந்து அனுப்புவார்கள். ஆறு மாசம் ஆனாலும் மழைக்கும் குளிருக்கும் கரண்டையில் நீர் கோத்து நிற்கும், மேடு பள்ளத்தில் மறுபடி மறுபடி மடங்கும். ஆசான் மூணு கட்டு கட்டினால் ஆள் ஓடும். நம்ம குமரி ஜில்லாவில் ரப்பர் வெட்டுக்காரனும் பனையேறியும் தலைமுறையா இப்படித்தானே எழும்பி நடந்தான்? வர்மம் (உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை வைத்துச் செய்கிற வைத்தியம்) பிறந்த மண்ணில் இருந்துகொண்டு முதலில் எக்ஸ்ரே என்று சொல்வது எனக்குப் பிடிக்கல.

களரிவழி:

கொல்லங்கோடன் அண்ணே, முறையாகப் படித்த ஆசான் யாரும் முதல் நாள் வீக்கத்தில் கையை வைத்துத் தடவமாட்டார். அதைச் செய்கிறவர் எண்ணெய்க்குப்பி மட்டும் வைத்திருப்பவர். எங்கள் முறையிலும் முதல் வேலை விரலால் எலும்பைத் தடம்பிடித்துப் பார்ப்பதுதான்: நெறிப்புச் சத்தம் உண்டா, மேடு பள்ளம் உண்டா, இரண்டு காலும் ஒரே வாக்கில் இருக்கா. சந்தேகம் வந்தால் படம் எடுத்துவரச் சொல்கிற ஆசான்மார் இன்றைக்கு எத்தனையோ பேர் உண்டு. அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

முறிவு இல்லை என்று உறுதியான சுளுக்குக்கு முறை இப்படி.

முதல் மூணு நாள்: முறிவெண்ணெயை வெந்நீர்ப் பாத்திரத்தில் குப்பியோடு வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவரணும். பஞ்சு அல்லது நாலு மடிப்புத் துணியை அதில் நனைத்து, லேசாகப் பிழிந்து, கரண்டையைச் சுற்றி வைக்கணும். தேய்க்கக் கூடாது. மேலே தளர்வாக ஒரு துணிக்கட்டு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் புதுசு. முறிவெண்ணெய் என்பது தேங்காயெண்ணெயில் புங்கிலை, வெற்றிலை, கற்றாழை, முருங்கை, கல்யாணமுருங்கை, சின்ன வெங்காயம், தண்ணீர்விட்டான் கிழங்கு எல்லாம் அரிசி கழுவின வெள்ளத்தோடு (தண்ணீரோடு) சேர்த்துக் காய்ச்சுவது. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பதம் தப்புவது கடைசி அரை மணி நேரத்தில்தான். அடியில் கிடக்கும் கற்கத்தை (அரைத்துப் போட்ட மருந்து விழுதை) எடுத்து விரலில் உருட்டினால் திரியாக வரணும், அந்தத் திரியைத் தீயில் காட்டினால் படபடவென்று பொரியக் கூடாது. பொரிந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது, இரண்டு மாசத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

நாலாம் நாள் முதல்: வீக்கம் இறங்கத் தொடங்கினால் மட்டும் தடவல். விரல் பக்கமிருந்து முழங்காலை நோக்கி, ஒரே திசையில், உள்ளங்கையால், பத்து நிமிஷம். அழுத்தம் என்றால் வாழையிலையைத் துடைக்கிற அளவு, அதற்கு மேல் போகக் கூடாது. சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது தடவிப் பிடிக்கிற முறை, ஒன்பது வகை. அதில் முறுக்கல், இழுத்தல் இரண்டும் புது அடிக்கு ஆகாது. அறுந்து பாதியில் நிற்கிற நார் அப்போதுதான் முழுசாக அறும். "சடக்" என்று ஒரு சத்தம் வரவைத்து "எடுத்துவிட்டேன்" என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். அது மூட்டுக்குள் காற்றுக்குமிழால் வருகிற சத்தம், விலகின எதுவும் அதில் உள்ளே ஏறவில்லை.

கட்டு விஷயத்தில் நம்ம ஆட்களிடம் ஒரு தப்பு உண்டு, அதைத் தனியாகச் சொல்லணும். உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துத் துணியில் தடவி, மேலே மூங்கில் பத்தையோ ஊறவைத்த கமுகம்பாளையோ வைத்துக் கட்டுவது பழைய முறை. காய்ந்தால் நன்றாக விறைத்து நிற்கும். ஆனால் அது காயும்போது சுருங்கும். உள்ளே வீக்கமோ முதல் இரண்டு நாள் ஏறிக்கொண்டேயிருக்கும். வெளியே சுருங்க, உள்ளே வீங்க, நடுவில் மாட்டுவது ரத்தக்குழாய். அதனால் புது அடிக்கு இந்தக் கட்டை முழு வட்டமாகப் போடவே கூடாது. முன்பக்கம் இரண்டு விரல் அகலம் திறந்து விடணும், விரல் அஞ்சும் வெளியே தெரியணும், அன்று இரவே ஒருமுறை பார்க்கணும். சாயங்காலம் கட்டிவிட்டு "நாலு நாள் கழித்து வா" என்று அனுப்புவது சரியில்லை.

எலும்புவார்டு:

களரிவழி சொன்ன கடைசிப் பத்தியை எல்லாரும் இரண்டு தடவை படிக்கணும். மாவுக்கட்டு போட்டு அனுப்புகிற ஆஸ்பத்திரிக்கும் இதே விதிதான், கட்டு யார் கட்டினால் என்ன.

கட்டு இறுகுது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது: விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு நொடியில் சிவக்கணும். விரல் மரமரப்பு, குளிர்ச்சி, நிறமாற்றம் இருக்கக் கூடாது. இதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே வருகிற அடையாளம் ஒன்று உண்டு: அடிபட்டவரின் விரலை நீங்கள் மெதுவாக நீட்டினால் அவர் அலறுவார், வேதனை மாத்திரைக்கு அடங்காது, மணிக்கு மணி ஏறும். உடனே கட்டை வெட்டணும். மேல் சுற்றை மட்டும் அல்ல, தோல் தெரியும்வரை பஞ்சு, துணி எல்லாவற்றையும் வெட்டணும். காலைத் தலையணை அடுக்கி உயர்த்த வேண்டாம், நெஞ்சு மட்டத்தில் வையுங்கள்; உயர்த்தினால் உள்ளே போகிற ரத்தம் இன்னும் குறையும். வெட்டியும் அரை மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கு ஓடணும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கும்.

இது சின்னப் பிள்ளைகளின் முழங்கையிலும் நடக்கும். கொல்லாமரத்தில் இருந்தோ மதில் மேல் இருந்தோ கையூன்றி விழுவார்கள், முழங்கைக்கு மேல் எலும்பு முறியும். அஞ்சு முதல் ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு இது மிகச் சாதாரணம். முறிந்த நுனி கையின் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும். அதைப் பிடித்து இழுத்து, மடக்கி, இறுக்கிக் கட்டினால் முன்கைத் தசை செத்து விரல்கள் உள்ளே மடங்கி நிலைத்துவிடும், ஆயுசுக்கும். பிள்ளையின் முழங்கை வீங்கியிருந்தால் எந்தக் கோணத்தில் இருக்கோ அதே கோணத்தில் ஒரு அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, மணிக்கட்டில் நாடி கிடைக்குதா என்று பார்த்துக்கொண்டே கொண்டுபோங்கள். வெள்ளம்கூடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

ஆறின பிறகும் முழங்கையை மட்டும் தடவிப் பிடிக்காதீர்கள். மற்ற மூட்டில் ஓடும் வேலை இங்கே ஓடாது. அடிபட்ட முழங்கையை வலுவாகப் பிடித்தால் தசைக்குள் எலும்பு வளரும், கை மடங்காது, நீளாது. பிள்ளை தானாக ஆட்டி விளையாடுவதே போதும்.

தோவாளைமலர்:

படம் எடுத்தாச்சு. முறிவு இல்லை. பாதத்தில் ஒரு நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்துத் தொட்டு "தெரியுதா" என்று கேட்டார்கள், மூணு இடத்தில் அம்மைக்குத் தெரியல. கால் ஊன்ற வேண்டாம், பத்து நாளில் மறுபடி வாங்க, அதற்குள் சிவப்போ சூடோ கூடினால் உடனே வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அசெக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை தந்தார்கள். வீட்டில் பழைய டோலோ 650 கிடக்கு, அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தக்கலைமருந்து:

சேர்த்துக் கொடுக்கக் கூடாது. டோலோவும் பாராசிட்டமால்தான், கலப்பு மாத்திரையில் ஏற்கனவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். சளி மாத்திரையிலும் இருக்கும். பெயர் வேறு வேறு என்பதால் மூணையும் ஒன்றாக விழுங்கிவிட்டு ஈரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி: அம்மைக்கு பிரஷருக்கு என்ன மாத்திரை? அட்டையின் பின்னால் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் இதில் ஏதாவது இருந்து, கூடவே ஹைட்ரோகுளோரோதையசைட் அல்லது குளோர்தாலிடோன் (சிறுநீரைக் கூட்டுகிற மருந்து) என்று எழுதியிருந்தால், அதன் மேல் அசெக்ளோபினாக், டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை வேதனை மாத்திரை எதுவும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். வயிற்றுப்போக்கு உள்ள நேரத்திலோ வெள்ளம் சரியாகக் குடிக்காத நேரத்திலோ இன்னும் வேகமாக. மருந்துச் சீட்டு எழுதினவருக்கு இந்த மாத்திரைகள் தெரியாமல் இருந்திருக்கலாம், அட்டையைக் காட்டிக் கேளுங்கள். பொதுவாக இந்த வயசுக்கு முதலில் கொடுப்பது பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். இது வீக்கத்தைக் குறைக்காது, வேதனையை மட்டும் குறைக்கும். அது போதும், வீக்கம் தானாக இறங்கும்.

டைக்ளோபினாக் ஜெல் கேட்டு வாங்குகிறவர்கள் கடலையளவு எடுத்துத் தடவிவிட்டு "ஒண்ணும் கேட்கல" என்பார்கள். 1 சதவீத ஜெல் என்றால் முட்டுக்கோ கரண்டைக்கோ ஒரு நேரத்துக்கு 4 கிராம், நாளைக்கு நாலு முறை. கணக்குப் போட்டால் 30 கிராம் டியூப் இரண்டு நாள்கூட வராது. தோலில் வெட்டோ புண்ணோ இருந்தால் போடக் கூடாது, போட்ட இடத்தில் சூட்டு ஒத்தடமும் கட்டும் கூடாது.

நாட்டு மருந்து சேர்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அரிஷ்டம், ஆசவம், லேகியம் மூன்றிலும் வெல்லமோ சர்க்கரையோ உண்டு, அரிஷ்டத்திலும் ஆசவத்திலும் புளிப்பில் உண்டாகிற சாராயமும் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் கஷாயம் அல்லது கஷாய மாத்திரை நல்லது. ராஸ்னாதி மாதிரிக் கஷாயம் என்றால் 15 மில்லியில் 45 முதல் 60 மில்லி இளஞ்சூட்டு வெள்ளம் கலந்து சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், காலையும் ராத்திரியும். கலக்காமல் அப்படியே குடித்து வயிறு எரியுது என்று வருகிறவர்கள் அதிகம்.

லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் வருகிற "வாதப்பொடி" மட்டும் வேண்டவே வேண்டாம். இருபது வருஷ முட்டு வேதனை ஒரே நாளில் மறைகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு பொடித்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முகம் உருண்டு வரும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். மாசக்கணக்கில் தின்றவர்கள் பயந்து ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, மயங்கி விழுவார்கள். டாக்டரிடம் பொட்டலத்தைக் காட்டிப் படிப்படியாகக் குறைக்கணும். செந்தூரம், பற்பம் வகையும் (உலோகம், தாதுக்களைப் புடம்போட்ட பொடி) உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி அச்சடித்த டப்பாவில் வந்தால் மட்டும், அதுவும் படித்த வைத்தியர் அளவு சொன்னால் மட்டும்.

கொல்லங்கோடன்:

ஆசானும் ஆஸ்பத்திரியும் ஒரே பேச்சு பேசுகிறீர்கள், நான் தனியா நிற்கேன். சரி, என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. முறிவே இல்லாத கரண்டை ஏன் ஆறு மாசமானாலும் நேராக மாட்டேங்குது?

பிசியோ_பத்மநாபபுரம்:

ஏனென்றால் வேதனை போனதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், எண்ணெய் போட்டவரும் மாத்திரை தின்றவரும். கரண்டை நாரில் கால் எந்தச் சாய்வில் இருக்கு என்று மூளைக்குச் சொல்கிற நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. நார் இழுபடும்போது அதுவும் கெடும். நார் ஒட்டினாலும் இந்த உணர்வு தானாகத் திரும்பாது. வரப்பில் கால் லேசாகச் சரிந்ததும் தசை பிடிக்கணும், பிடிக்கிறதுக்குள் மடங்கிவிடும். இது பயிற்சியில் மட்டுமே திரும்பும், எந்த எண்ணெயிலும் இல்லை, எந்த மாத்திரையிலும் இல்லை.

சாதாரண ஆளுக்கு (சர்க்கரைப் பாதம் இல்லாதவர்களுக்கு) சொல்கிறேன். முதல் இரண்டு நாள் ஐஸ் 15 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடற்கரைப் பக்கம் மீன் பெட்டி ஐஸ் எளிதாகக் கிடைக்கும், அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஈரத் துவர்த்தில் (துண்டில்) சுற்றித்தான் வைக்கணும், நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். கிரேப் கட்டு 4 அங்குல அகலம். நம்ம ஆட்கள் கரண்டையில் தொடங்கி மேலே சுற்றுவார்கள், பாதம் மட்டும் பலூன் மாதிரி வீங்கும். விரல் அடியில் தொடங்கணும், பாதத்தில் இரண்டு சுற்று, பிறகு கரண்டையைச் சுற்றி எட்டு வடிவில், ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மூடணும், மேலே போகப் போகப் பிடி தளரணும். ராத்திரி அவிழ்த்துவிடணும்.

மூணாம் நாளில் இருந்து உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதணும், ஒரு நாளைக்கு மூணு தடவை முழு உயிரெழுத்தும். ஒரு வாரத்தில் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கணும், 10 தடவை மூணு சுற்று. முதலில் இரண்டு காலில், வேதனை இல்லாமல் முடிந்தால் ஒற்றைக் காலில். இரண்டாம் வாரம் ஒற்றைக் காலில் 30 நொடி நிற்கணும். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் எளிதானதும் மடித்த தலையணை மேல். பல் தேய்க்கிற நேரத்தில் செய்தால் தனியாக நேரம் வேண்டாம். லேசான சுளுக்குக்கு இரண்டு வாரம், நார் பாதி அறுந்ததற்கு ஆறு வாரம்வரை, முழுசா அறுந்ததற்கு மூணு மாசம். அடிபட்ட காலில் மட்டும் நின்று இருபது தடவை துள்ள முடிந்தால் மரமேறப் போகலாம், அதுவரை வேண்டாம்.

தோவாளைமலர் அக்கா, அம்மைக்கு இதில் ஒன்றும் இப்போது வேண்டாம். ஐஸும் வேண்டாம், மரத்த தோலுக்குக் குளிரும் தெரியாது சூடும் தெரியாது. பத்து நாள் கழிந்து பார்த்துச் சொன்ன பிறகு.

களரிவழி:

கொல்லங்கோடன் அண்ணே, நமக்கும் இதில் வேலை உண்டு. ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்து விறைத்த மூட்டு, தோல் உரிந்து சுருங்கின தசை, இதை எண்ணெயில் ஊறவைத்துப் பைய இளக்கி எடுப்பதில் ஆசான் கைக்கு ஈடு இல்லை. எலும்பு சேர்ந்தாச்சு என்று படத்தில் தெரிந்த பிறகு. நம்ம கை அங்கேதான் நல்லா வேலை செய்யும்.

குலசேகரம்_ஆயுர்:

முட்டுக்குக் கிழி பற்றி ஆரம்பத்தில் கேட்டிருந்தார்கள், யாரும் தொடல. தேய்மானத்தால் வருகிற பழைய முட்டு வேதனைக்கு இலைக்கிழி நல்லதுதான். தேய்ந்ததை வளர்க்காது, விறைப்பையும் வேதனையையும் சில வாரத்துக்குக் குறைக்கும்.

ஒரு தடவைக்கு: நொச்சி, எருக்கு, ஆமணக்கு, புங்கு, முருங்கை, புளியிலை. ஆறும் கிடைக்கணும் என்றில்லை, நாலு போதும், நொச்சி மட்டும் கட்டாயம். எருக்கு கிள்ளும்போது பால் கண்ணில் படாமல் பார்க்கணும், இலையைப் பறித்து ஒரு மணி நேரம் வாடவிட்டால் பால் வற்றிவிடும். எல்லாம் சேர்த்து அரை கிலோ, பொடியாக அரிந்து, ஒரு மூடி தேங்காய்த் துருவல், இரண்டு எலுமிச்சை வில்லை போட்டது, ஒரு கரண்டி இந்துப்பு. உருளியில் கொட்டஞ்சுக்காதி தைலமோ நல்லெண்ணெயோ 50 மில்லி ஊற்றி, தேங்காய் சிவக்கும்வரை வறுக்கணும். பச்சை வாடை போகாமல் எடுத்தால் இலை வெள்ளம் விடும், கிழி சொதசொதவென்று சூடு நிற்காது. 45 செ.மீ. சதுரப் பருத்தித் துணியில் இரண்டு கிழி கட்டணும், நைலான் கலந்த துணி உருகி ஒட்டும். ஒன்று வைக்கும்போது மற்றது சூடாகணும். ஒவ்வொரு முறையும் வைக்கிறவர் தன் புறங்கையில் மூணு நொடி வைத்துப் பார்க்கணும். முட்டுச் சில்லின் மேலேயே குத்தாமல் சுற்றிலும், தொடையின் கீழ்ப்பகுதியிலும், 20 நிமிஷம். ஒரு மணி நேரம் கழித்து வெந்நீரில் கழுவலாம், ஃபேனுக்குக் கீழே போய்ப் படுக்க வேண்டாம். தொடர்ந்து ஏழு நாள் வைத்தால்தான் பலன் தெரியும். ஒரே கிழியை மூணு நாள் வைக்கிற வழக்கம் உண்டு. நம்ம மழைக்காலத்தில் இரண்டாம் நாளே புளித்துவிடும், தோலில் கொப்பளம் வரும். அன்றன்றைக்குப் புதுசு.

கிழி இறங்கின உடனே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கணும், ஒரு காலுக்கு 15 தடவை. இளகின நேரத்தில் செய்வது எளிது. இதைச் செய்யாமல் கிழி மட்டும் வைத்தால் ஒரு மாசத்தில் பழைய இடத்துக்கே வரும்.

உங்கள் அம்மைக்குப் பாதம் மரத்திருக்கு என்று தெரிந்துவிட்டதால் முட்டுக்கு மேலே மட்டும், இளஞ்சூட்டில் மட்டும், அதுவும் கரண்டை சரியான பிறகு.

கடியபட்டணம்:

திடீரென்று சிவந்து நெருப்பாகக் கொதிக்கிற மூட்டுக்குக் கிழியே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். ராத்திரி படுக்கும்போது ஒன்றும் இல்லை, விடியும்போது பெருவிரல் மூட்டில் துணி பட்டாலே உயிர் போகுது என்றால் அது யூரிக் அமிலம். கடற்கரையில் கள்ளோ பீரோ குடித்து, சாளையும் நெத்திலியும் நேரத்துக்கு நேரம் கருவாடாகவும் குழம்பாகவும் தின்கிற ஆண்களுக்கு இது வரும். சுளுக்கு என்று நினைத்துத் தடவினால் துள்ளுவார்கள். கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழா என்று பார்க்கணும், அது அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இன்னொன்று. தென்னையில் இருந்தோ பனையில் இருந்தோ விழுந்து மயங்கிக் கிடக்கிறவருக்கு அடங்கல் தட்டுவது (மயக்கம் தெளிய உடம்பில் குறிப்பிட்ட இடத்தில் தட்டுவது), தூக்கி உட்காரவைத்து முதுகில் அடிப்பது, இதைப் பற்றி ஆசான் வழி என்ன சொல்லுது?

களரிவழி:

மூச்சு இருந்தால் தட்டவோ தூக்கவோ வேண்டாம் என்று சொல்லுது, நான் கற்றவரை. அடங்கல் என்பது வர்மத்தில் அடிபட்டவரை இளக்குவதற்கு. உயரத்தில் இருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளணும். உட்காரவைக்கிற அந்த ஒரு நொடியில் தண்டுவடம் அறுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விடும். தலையும் கழுத்தும் ஒரே கோட்டில் நிற்க ஒருவர் இருபக்கமும் பிடித்துக்கொள்ளணும், வாந்தி வந்தால் நாலு பேர் சேர்ந்து மரத்தடியை உருட்டுவது போல் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்பணும். ஆட்டோவில் மடக்கிக் கொண்டுபோகாமல் 108 ஆம்புலன்ஸை அழைத்துக் காத்திருக்கணும். தூக்க வேண்டி வந்தால், கதவோ அகலப் பலகையோ கிடைத்தால் அதில். மூச்சே இல்லை என்றால் மட்டும் கணக்கு வேறு, நெஞ்சழுத்தம் தொடங்கிவிடணும்.

தோவாளைமலர்:

எல்லாருக்கும் நன்றி. பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும்தான். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டதில் அசெக்ளோபினாக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்கிற முறிவெண்ணெய்க்குப்பி பேச்சிப்பாறை குளிரில் வெள்ளையா உறைந்து கிடக்கு, கெட்டுப்போச்சா?

குலசேகரம்_ஆயுர்:

இல்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் மலையோரத்தில் சாதாரணம். குப்பியோடு வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். உருகின பிறகு முகர்ந்து பாருங்கள், பச்சிலை வாடை வந்தால் சரி, பழைய வடைச்சட்டி வாடை வந்தால் தென்னைக்கு ஊற்றிவிடுங்கள். எடுக்கிற கரண்டியில் வெள்ளம் இருக்கக் கூடாது.